கண்டெடுப்பிலிருந்து சான்றுக்கு: தொல்லியல் ஆண்டுக் கூட்டங்களும் போடி மலைச்சரிவும்

1. கேள்வியும் எல்லையும்

புதிய கல்வெட்டு, நடுகல், காசு, தாழி பற்றிய செய்தி வராத மாதம் தமிழ்நாட்டில் அரிது. அவற்றுள் பலவற்றை முதலில் காண்பவர்கள் தொல்லியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். உழும்போது தாழி உடைபட்டதைப் பார்த்த உழவர், மேய்ச்சலுக்குப் போன இடத்தில் எழுத்துள்ள கல்லைக் கண்டவர், மாணவர்கள் பொறுக்கிவந்த ஓட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பள்ளி ஆசிரியர் ஆகியோரிடமிருந்தே செய்தி கிளம்புகிறது. ஆனால் ஒரு பொருள் கண்ணில் படுவதாலேயே அது வரலாற்றுக்குச் சான்றாகிவிடாது. கிடைத்த இடம் பதிவாக வேண்டும். வாசகம் சரிபார்க்கப்பட வேண்டும். காலக்கணிப்புக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். ஐயப்படுபவர் கேள்வி கேட்க வாய்ப்பிருக்க வேண்டும். இவை எங்கே, யாரால், எந்த முறையில் நடக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு விடை தேட ஒரு நிறுவனத்தையும் ஒரு நிலத்தையும் எடுத்துக்கொள்கிறேன். நிறுவனம், தஞ்சாவூரை இருப்பிடமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகம். 1991இல் தொடங்கிய அதன் ‘ஆவணம்’ இதழும், துறை அறிஞர்களும் ஆர்வலர்களும் ஒரே அவையில் அமரும் அதன் ஆண்டுக் கூட்டமும் இங்கே ஆய்வுப் பொருள். நிலம், தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், போடிநாயக்கனூருக்குத் தென்மேற்கே பொட்டிபுரத்தை ஒட்டிய ஏலமலைச் சரிவு. நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் ஊர்ப்பெயர் உலகுக்குத் தெரிந்த அளவுக்கு, அந்தச் சரிவின் பழமை தெரியவில்லை. ஆண்டுக் கூட்டத்தின் தலையாய பணி கட்டுரை வாசிப்பதோ இதழ் வெளியிடுவதோ அன்று, கண்டெடுப்பைச் சான்றாக மாற்றும் சரிபார்ப்பே என்பதும், அந்தப் பணி மிகுதியாகத் தேவைப்படும் இடம் போடிச் சரிவு போன்ற எல்லைப் பகுதிகளே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. அறிஞர், ஆர்வலர்: இரண்டு பழைய பார்வைகள்

ஆர்வலரைப் பற்றி நம்மிடையே இரண்டு பார்வைகள் வழங்குகின்றன. எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர்கள் ஆர்வலர்களே, துறையினர் பின்னால் வந்து பெயரைத் தட்டிச் சென்றார்கள் என்பது ஒன்று. ஆர்வலர்கள் களத்தைக் கெடுக்கிறார்கள், ஆதாரமின்றிக் காலத்தை முன்னே தள்ளுகிறார்கள் என்பது மற்றொன்று. தென்னிந்தியத் தொல்லியலின் வரலாற்றை வைத்து இவ்விரண்டையும் சோதித்துப் பார்க்கலாம்.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியை எடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், புவியியல் துறை அலுவலர். போடி மலைக்கு வடக்கே தொடரும் பழனி மலையின் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய ஆங்கிலேடும் நியூட்டனும் இயேசு சபைப் பாதிரியார்கள்; அவர்களது ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் தன் ஆய்வு வரிசையின் 36ஆம் வெளியீடாகக் கொண்டுவந்தது. ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணி அலுவலர். பெருவழுதி என்ற பெயர் பொறித்த காசை அறிமுகப்படுத்திச் சங்ககாலக் காசியலுக்கு அடித்தளமிட்ட இரா. கிருஷ்ணமூர்த்தி நாளிதழ் ஆசிரியர். கொடுமணலின் பழமையை முதலில் அடையாளம் கண்டவர்களுள் ஒருவரான புலவர் செ. இராசு அப்போது தமிழாசிரியர். திருச்சியில் டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தை நடத்திவரும் இரா. கலைக்கோவன் கண் மருத்துவர்.

இந்தப் பட்டியல் முதல் பார்வைக்கு வலுச் சேர்ப்பதுபோலத் தோன்றும். ஆனால் இவர்கள் அனைவரிடமும் உள்ள பொதுத்தன்மை வேறு. ஒவ்வொருவரும் தம் கண்டுபிடிப்பை, மறுக்கும் தகுதி உடையவர்கள் முன் வைத்தார்கள். ஃபூட் தாம் எடுத்த கற்கருவிகளைப் பற்றி அறிவியல் இதழில் எழுதினார். பாதிரியார்கள் தொல்லியல் துறையின் வெளியீட்டு முறைக்கு உட்பட்டார்கள். மகாதேவன் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பை 1966இல் சென்னையில் நடந்த கல்வெட்டுக் கருத்தரங்கில் முன்வைத்தார். அதன்பின் பாறைகளுக்குத் திரும்பிச் சென்று வாசகங்களை மீண்டும் சரிபார்த்தே 2003இல் பெருநூலாக்கினார். ஆகவே ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பது ஆய்வின் தரத்தைத் தீர்மானிக்கவில்லை. ஓர் அவையின் கேள்விக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டார்களா என்பதே தீர்மானித்தது. இரண்டு பழைய பார்வைகளும் இந்த இடத்தில்தான் தவறுகின்றன.

அவை என்பது வெறும் சடங்கு என்று கருதுவோர் 1924ஆம் ஆண்டை நினைவுகொள்ள வேண்டும். பாண்டிய நாட்டுக் குகைத்தளங்களில் இருந்த பிராமி எழுத்துகளின் மொழி எது என்பதில் அதுவரை தெளிவில்லை. சென்னையில் கூடிய மூன்றாம் அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழே என்பதை எழுத்துச் சான்றுகளுடன் எடுத்துரைத்தார். ஏற்பும் மறுப்புமாகப் பல பத்தாண்டு நீண்ட விவாதம் அங்கிருந்து வளர்ந்தது; தமிழின் தொன்மை பற்றி இன்று நாம் பேசுவதெல்லாம் அதன் தொடர்ச்சி. ஓர் ஆய்வு, கூட்டத்தில் வாசிக்கப்பட்டதால் மட்டும் உண்மையாகாது. ஆனால் கூட்டத்தில் வைக்கப்பட்டதால், அதைச் சோதிப்பது எல்லோருக்கும் இயல்வதாயிற்று.

3. கழகமும் ‘ஆவண’மும்: சரிபார்ப்பு எப்படி நடக்கிறது?

இந்திய அளவில் ஆண்டுதோறும் கூடும் அமைப்புகள் பல உள்ளன. 1967இல் தோன்றிய இந்தியத் தொல்லியல் சங்கம், மைசூரைத் தளமாகக் கொண்ட இந்தியக் கல்வெட்டியல் சங்கம், 1910 முதல் இயங்கும் இந்திய நாணயவியல் சங்கம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவற்றின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். பங்கேற்போர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தையும் அரசுத் துறையையும் சேர்ந்தவர்கள். தமிழகத் தொல்லியல் கழகம் இவற்றிலிருந்து மூன்று வகையில் வேறுபடுகிறது. அதன் முதன்மை மொழி தமிழ். அதன் ஆண்டுக் கூட்டம் ஒரே நகரில் முடங்காமல் ஊர் மாறி நடக்கிறது. ஊரளவில் தேடித் திரியும் ஆசிரியர்களும் அலுவலர்களும் ஓய்வுபெற்றோரும் அங்கே பார்வையாளராக மட்டும் இல்லாமல் தம் கண்டெடுப்பை முன்வைப்பவராகவும் வருகிறார்கள். எ. சுப்பராயலு போன்ற கல்வெட்டறிஞர்கள் அமர்ந்திருக்கும் அவையில் ஒரு கிராமத்து ஆசிரியர் தம் ஊர்க் கல்வெட்டை வாசித்துக் காட்டுவதும், வாசகத்தில் ஓர் எழுத்து அங்கேயே திருத்தப்படுவதும் அந்தக் கூட்டத்தின் இயல்பு.

இந்தத் திருத்தம் நடக்க அடிப்படையானது மைப்படி. கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாசியும் மண்ணும் போக்குவார்கள். நனைத்த தாளைக் கல்லின்மேல் விரித்து, கெட்டியான மயிர்த் தூரிகையால் சீராக அடிப்பார்கள். தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கிப் படியும். ஈரம் சற்று வாங்கியதும் துணிப்பந்தை மையில் ஒற்றித் தட்ட, மேடான பரப்புக் கறுக்கும். பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். எழுத்தோடு சேர்ந்து கல்லின் வெடிப்பும் சிதைவும் உளித்தடமும் தாளில் பதிந்துவிடும். படியெடுத்தவர் ‘க’ என்று படித்ததை மற்றொருவர் ‘த’ என்று படிக்க அதில் இடமிருக்கிறது. கல்லில் சுண்ணக்கட்டியால் எழுத்தைத் தீட்டியோ மாவைப் பூசியோ எடுத்த படத்தில் அந்த இடம் இல்லை. அந்தப் படம் பதிவு செய்வது தீட்டியவரின் கருத்தை; கல்லில் உள்ளதை அன்று. பூச்சுக் கல்லுக்கும் கேடு. பக்கவாட்டில் ஒளி விழச்செய்து எடுக்கும் ஒளிப்படம் இன்று மைப்படிக்கு நல்ல துணையாகியுள்ளது. எந்த முறையானாலும், மறுப்பதற்கு வழிவிடும் பதிவே சான்றுக்குத் தகுதியானது.

‘ஆவணம்’ இதழின் அமைப்பும் இந்த நெறியையே பின்பற்றுகிறது. ஊர், வட்டம், கிடைத்த இடம், காலம், கண்டறிந்தவர் பெயர், வரிப்பிரிப்புடன் கூடிய வாசகம், அதன் பின்னரே விளக்கம் என்ற வரிசை வாசகரைப் பழக்கப்படுத்துகிறது. சான்று முதலில், கருத்துப் பிறகு. சிறு துண்டுக் கல்வெட்டுக்கும் இதழில் இடமுண்டு. துண்டுகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு விடை ஏற்கெனவே உள்ளது. நொபொரு கராஷிமா, சுப்பராயலு, தொரு மட்சுயி மூவரும் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுப்பு, ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையும் பட்டங்களையும் அட்டவணைப்படுத்தி, சோழ அரசின் ஆட்சியமைப்பையும் நிலவுடைமையையும் புதிய வகையில் ஆராய வழி செய்தது. தனியாகப் பார்த்தால் பொருளற்ற ஒரு பெயர், தொகுப்பில் சேரும்போது பேசத் தொடங்குகிறது. ஆனால் தொகுப்பில் சேர முதலில் அது சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

4. போடிச் சரிவு: தெரிந்தவை

இனி நிலத்துக்கு வருவோம். தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்து உருவானது 1996இல்தான். ஆனால் அதன் நிலம் பாண்டிய நாட்டையும் சேர நாட்டையும் இணைக்கும் பழைய வாயில். கம்பம் பள்ளத்தாக்கு, கொட்டகுடி ஆற்றுச் சரிவு, குரங்கணி, போடிமெட்டு என்று மலையேறும் தடங்கள் பல. இப்பகுதியின் பழமைக்கு நமக்குக் கிடைத்துள்ள சான்றுகள் குறைவானவை அல்ல. அவை சிதறிக் கிடப்பதுதான் குறை.

முதல் சான்று போடிநாயக்கனூரின் பெயரையே தாங்கியது. அங்கே கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகளின் புதையல் இந்தியக் காசியலில் நன்கு அறியப்பட்ட ஒன்று. காசின் பின்புறத்தில் மீனை ஒத்த குறி இருப்பதைக் கொண்டு இவற்றைப் பாண்டியர் வெளியீடாகக் கொள்வது அறிஞர்களிடையே பரவலான கருத்து. இந்தப் புதையலை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. அவர் தொழிலால் கணிதப் பேராசிரியர். காசியலுக்கு வெளியிலிருந்து வந்தவர். முத்திரைக் காசுகளை ஆயிரக்கணக்கில் துல்லியமான தராசில் நிறுத்தார். கைமாறும் ஒவ்வொரு முறையும் காசு நுண்ணளவில் தேய்கிறது. நெடுநாள் புழங்கிய காசுகளின் சராசரி எடை குறையும், எடைகளுக்கிடையே வேறுபாடு கூடும் என்று கணித்து, எது முன்னது, எது பின்னது என்று வரிசைப்படுத்த முயன்றார். அரசர் பெயரில்லாத காசை எடைகொண்டு பேசவைத்த அந்த முறை இந்தியக் காசியலுக்கு ஒரு புதுத் திறப்பு. அவர் பணியாற்றிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமே பின்னாளில் பொட்டிபுரம் நியூட்ரினோ திட்டத்தின் முதன்மைப் பொறுப்பேற்ற நிறுவனம். போடிக்கும் அந்நிறுவனத்துக்குமான அறிவுத் தொடர்பு நியூட்ரினோவுக்கு முன்பே காசுகளின் வழியே தொடங்கிவிட்டது.

அடுத்தவை எழுத்துச் சான்றுகள். சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் இரண்டு தொகுதி. பெரிய செப்பேடு மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டிய முன்னோரின் செயல்களாகச் சொல்வதால், தமிழ் இலக்கிய வரலாறு எழுதும் எவரும் அதைக் கடந்து போக முடியாது. உத்தமபாளையம் கருப்பணசாமி கோயில் பாறையில் தீர்த்தங்கரர் புடைப்புருவங்கள் வரிசையாக உள்ளன. வட்டெழுத்துப் பொறிப்புகளில் அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயர் வருகிறது. பாண்டிய நாட்டின் பல மலைகளில் காணப்படும் அதே பெயர் இங்கும் இருப்பது, இம்மலையடிவாரம் அன்றைய சமண வலைப்பின்னலின் ஒரு கண்ணி என்பதைக் காட்டுகிறது.

மலைமேல் உள்ளவை பெருங்கற்காலச் சின்னங்கள். பழனி மலையின் தாண்டிக்குடியில் 2000களின் நடுப்பகுதியில் கா. ராஜன் நடத்திய அகழாய்வு, இன்று காப்பியும் ஏலமும் விளையும் உயரத்தில் இரும்புக்கால மக்கள் வாழ்ந்து இறந்தோரைப் புதைத்ததை உறுதிசெய்தது. அதே மலையின் அடிவாரத்துப் பொருந்தலில் 2009-10இல் எழுத்துப் பொறித்த பொருளோடு கிடைத்த நெல்மணியின் காலக்கணிப்பு கி.மு. 490 என வந்து, தமிழ்-பிராமியின் தொடக்கம் பற்றிய விவாதத்தை மீண்டும் கிளப்பியது. எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து மறையூரில் ஊரார் முனியறை என்று வழங்கும் கல்திட்டைகளும் பாறை ஓவியங்களும் உள்ளன. பழனி மலையும் ஏலமலையும் ஒரே மேற்குத்தொடர்ச்சியின் கிளைகள். ஆனால் தாண்டிக்குடியைத் தமிழ்நாட்டு ஆய்வாளரும் மறையூரைக் கேரள ஆய்வாளரும் தனித்தனியே எழுதுகிறார்கள். இடையிலுள்ள போடிச் சரிவு இருவர் வரைபடத்திலும் ஓரமாகவே நிற்கிறது.

வைகைக் கரையை இந்தியத் தொல்லியல் துறை 2013-14இல் முறையாக ஆராய்ந்து 293 இடங்களைப் பட்டியலிட்டது. கீழடி அகழாய்வு அதிலிருந்து பிறந்தது. அந்த ஆய்வு ஆற்றை மையமாகக் கொண்டது. கா. ராஜன், யதீஸ்குமார், செல்வகுமார் ஆகியோர் 2009இல் வெளியிட்ட தமிழகத் தொல்லியல் இடங்களின் அட்டவணை மாநிலம் முழுமைக்குமானது. அது அத்துறையின் பயனுள்ள கருவிநூல். எனினும் காப்புக்காடும் ஏலக்காடும் தனியார் தோட்டமும் மாநில எல்லையும் பின்னிக்கிடக்கும் ஒரு சரிவை ஒரு குழு ஒரு பருவத்தில் நடந்து முடிக்க முடியாது. அந்தச் சரிவை ஆண்டு முழுவதும் நடப்பவர்கள் வேறு ஆட்கள். அதிகாலையில் போடியிலிருந்து ஜீப்பேறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள், மலைமாட்டுக் கிடைகளை ஓட்டிப் பழகிய மேய்ச்சல்காரர்கள், மானாவாரிக் காட்டில் உழும் பொட்டிபுரத்துக் குடியானவர்கள். எந்தப் பாறையடியில் பலகைக்கல் நட்டிருக்கிறது, எந்த மேட்டில் தாழி வாய் தெரிகிறது என்பதை இவர்களே அறிவர்.

5. புலிமான்கோம்பை: ஒரு சோதனை வழக்கு

கண்டெடுப்பு எப்படிச் சான்றாகிறது என்பதற்குத் தேனி மாவட்டத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர் ஆண்டிபட்டி வட்டாரத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றில் தமிழ்-பிராமி எழுத்துகள். அதுவரை அறியப்பட்ட எழுத்துள்ள நடுகற்களை விட இவை பல நூற்றாண்டு முந்தியவை. செங்கம் பகுதி நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரன் உருவம் இருக்கும். இக்கற்களில் உருவமே இல்லை, எழுத்து மட்டுமே. சிதைந்த ஈமக்காட்டோடு தொடர்புடைய சிறு கற்கள் இவை. ஒன்றின் ஒரு பகுதி உடைந்து போயிருந்தது.

முழுமையாக உள்ள கற்களுள் ஒன்றின் வாசகம், பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்காக, கூடலூரில் நடந்த ஆகோளை ஒட்டி எடுக்கப்பட்ட கல் என்று பொருள்படுகிறது. ஆநிரை கவர்தல் என்ற சங்க இலக்கிய வெட்சிப் போருக்கு, கல்லில் எழுதிய சமகாலச் சான்று கிடைத்தது இதனால்தான். இலக்கியம் சொல்வது கற்பனை மரபா, நடந்த வாழ்வா என்ற நீண்ட கேள்விக்கு ஒரு சிற்றூரின் சிறு கல் விடை சொன்னது.

ஆனால் விடைகளோடு விவாதங்களும் வந்தன. கல்லின் காலத்தைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டு வரை கொண்டுசெல்வோர் உண்டு, கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்கு மேல் செல்லத் தயங்குவோரும் உண்டு. கல்வெட்டின் கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கில் இன்றுள்ள கூடலூரா என்பதும் திறந்த கேள்வியே. அப்பெயரில் தமிழகத்தில் ஊர்கள் பல. கம்பத்துக் கூடலூர் என்று கொண்டால் மலைச்சரிவின் மாட்டுப்பட்டிகளே அன்றைய பூசலின் பொருள் என்று வாதிக்கலாம். மலைமாடு இன்றும் இம்மாவட்டத்தின் வாழ்வோடு பிணைந்திருப்பது அவ்வாதத்துக்குச் சூழல் தரும், சான்று தராது. இந்த வேறுபாட்டை விடாமல் காப்பதுதான் ஆய்வு ஒழுக்கம்.

இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஒழுங்கின் வரிசை. கற்கள் படியெடுக்கப்பட்டன, வாசகம் ‘ஆவணம்’ இதழில் படத்துடன் வந்தது, அறிஞர்கள் மாறுபட்ட வாசிப்புகளை முன்வைத்தனர், காலம் பற்றிய வாதம் இன்றும் தொடர்கிறது. மாறாகக் கீழடியை எண்ணிப் பாருங்கள். 1970களில் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அங்கே கிடைத்த பொருள்களைப் பற்றித் தொல்லியலாளர் வெ. வேதாசலத்திடம் சொன்னதும், அவர் அங்கு சென்று பார்த்ததும் இன்று பலரும் அறிந்த செய்தி. அகழாய்வு தொடங்க ஏறக்குறைய 40 ஆண்டு ஆயிற்று. ஆசிரியரின் கண் தவறவில்லை, தொல்லியலாளரின் கவனமும் தவறவில்லை. ஓர் ஊரின் தகவலை அடுத்த கட்டத்துக்குத் தொடர்ந்து நகர்த்தும் ஏற்பாடுதான் இல்லை. அந்த ஏற்பாடாக ஆண்டுக் கூட்டம் வளர முடியும்.

6. எதிர்வாதங்கள்

ஆர்வலர்களுக்கு அவையில் சம இடம் தருவதற்கு எதிராக மூன்று வாதங்கள் உண்டு. மூன்றையும் நேர்மையாக எடைபோட வேண்டும்.

முதல் வாதம், செய்தித்தாள் அவசரம். இன்று பல கண்டெடுப்புகள் கூட்டத்துக்கு வருமுன் நாளிதழில் வந்துவிடுகின்றன. காலத்தை ஆயிரமாண்டுக் கணக்கில் சொல்லிவிட்டுக் காரணம் சொல்லாமல் விடுகின்றன. ஒருமுறை அச்சேறிய காலம் பாடப்புத்தகம் வரை போய்ச் சேரும்; திருத்தம் போய்ச் சேராது. இந்த வாதம் சரியானது. ஆனால் இதற்கு ஆர்வலரை மட்டும் பொறுப்பாக்க முடியாது. துறைசார்ந்தோரும் அகழாய்வின் முழு அறிக்கை வருமுன் செய்தியாளரைச் சந்திக்கிறார்கள். இரு தரப்புக்கும் பொதுவான நெறி தேவை: முதலில் பதிவு, பிறகு அவை, அதன்பின் செய்தி.

இரண்டாவது வாதம், கொள்ளை. இடத்தைச் சொன்னால் புதையல் தேடுவோர் வருவார்கள். தாழிகளுக்குள் பொன் இருக்கும் என்ற நம்பிக்கையால் சிதைக்கப்பட்ட ஈமக்காடுகள் தமிழகம் எங்கும் உண்டு. இதற்காகப் பதிவையே கைவிடுவது தீர்வாகாது. பதிவு இருந்தால்தான் சிதைவைக் கண்டறியவும் முடியும். துல்லியமான இடக்குறிப்பைத் துறையிடமும் கழகத்திடமும் வைத்து, அச்சில் ஊர்ப்பெயரோடு நிறுத்துவது பல நாடுகளில் உள்ள வழக்கம்.

மூன்றாவது வாதம், சட்டம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறிப்பிட்ட வகைத் தொல்பொருள்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. உரிமமின்றி அகழ்வது குற்றம். நியாயமான இச்சட்டங்கள், நடைமுறையில் ஒரு விபரீத விளைவையும் தருகின்றன: நிலம் போய்விடும், வழக்கு வரும் என்று அஞ்சிக் குடியானவர் தாழியை மூடி உழுதுவிடுகிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997இல் தொடங்கிய தொல்பொருள் பதிவுத் திட்டம் இதே சிக்கலுக்கு ஒரு வழி கண்டது. வட்டாரந்தோறும் ஒரு தொடர்பு அலுவலர். பொதுமக்கள் தாமாகக் கொண்டுவரும் பொருளைப் பார்த்து, அளந்து, இடத்தைப் பதிந்துகொண்டு, புதையல் சட்டத்துக்குள் வராத பொருளைத் திருப்பித் தருவார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இவ்வாறு பதிவாகியுள்ளன. அந்த நாட்டுச் சட்டம் வேறு, உலோகங்காட்டிக் கருவியோடு வயலில் தேடுவோரை அனுமதிக்கும் வழக்கமும் நமக்கு ஏற்றதன்று. ஆனால் தகவல் சொல்பவரைக் குற்றவாளியாக்காமல் பங்காளியாக்கும் அதன் அடிப்படை இங்கும் பொருந்தும்.

7. பொட்டிபுரம் சொல்லும் பாடம்

பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கத்தின் முடிவில், 50,000 டன் இரும்புக் காந்தக் கருவியை நிறுவும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்தது. மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா அருகில் இருப்பதால் எழுந்த வழக்கில், 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2022இல் தமிழ்நாடு அரசு திட்டத்துக்கு உடன்பட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. திட்டம் சரியா தவறா என்பது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. ஆனால் அந்த விவாதத்தின் உள்ளடக்கம் நமக்கு முக்கியம். பாறை, நிலத்தடி நீர், அணைகள், காட்டுயிர், விவசாயம் என்று பலவும் பேசப்பட்டன. மலையின் தொல்வரலாறு பொதுவிவாதத்தின் மையத்துக்கு வரவே இல்லை.

காரணம் வெளிப்படை. தண்ணீரைப் பற்றிப் பேசச் சங்கங்கள் இருந்தன, காட்டுயிரைப் பற்றிப் பேசக் கணக்கெடுப்புகள் இருந்தன. தொல்லியல் பற்றிப் பேச அந்தச் சரிவுக்கென்று எல்லோரும் எடுத்துக்காட்டத்தக்க, ஊர்வாரியான, பொதுமக்கள் கையில் உள்ள பட்டியல் இருந்திருக்க வேண்டும்; அப்படி ஒன்று பேச்சில் வரவில்லை. ஆய்வகமோ, கல்குவாரியோ, சாலையோ, தோட்ட விரிவாக்கமோ, எது வந்தாலும் இதே நிலைதான். திட்டம் வந்தபின் தேடத் தொடங்கும் தொல்லியல் எப்போதும் பிந்தியே வரும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதும், 2022இல் வனப்பகுதி மேய்ச்சலுக்கு எதிரான நீதிமன்ற ஆணைகள் வந்ததும் இன்னொரு நெருக்கடியைச் சேர்க்கின்றன. காடு காக்கப்படுவது நல்லதே. ஆனால் மலைமாடு ஓட்டிய தலைமுறை மலையேறுவதை நிறுத்தும்போது, எந்தக் கல் எங்கே நிற்கிறது என்ற அறிவும் அவர்களோடு இறங்கிவிடும். அதைப் பதிந்துகொள்ள இன்னும் ஒரு தலைமுறைக் காலமே இருக்கிறது.

8. முடிவு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளை உறுதியாகச் சொல்லலாம். ஒன்று, அறிஞர்-ஆர்வலர் என்ற பிரிவு ஊதியத்தைப் பற்றியதே தவிர அறிவின் தரத்தைப் பற்றியதன்று; அவையின் சரிபார்ப்புக்கு உட்பட்டவர் எவராயினும் அவர் ஆய்வாளரே. இரண்டு, தமிழகத் தொல்லியல் கழகத்தின் ஆண்டுக் கூட்டமும் ‘ஆவண’மும் 30 ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சரிபார்ப்பைத் தமிழிலேயே நடத்தி வருவது, பல்கலைக்கழகங்கள் மட்டும் செய்திருக்க முடியாத பணி. மூன்று, அப்பணி இன்னும் போதிய அளவு எட்டாத இடம் மலைச்சரிவும் மாநில எல்லையும்.

ஆகவே இக்கட்டுரை மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறது. வரும் ஆண்டுகளில் ஒரு கூட்டம் போடிநாயக்கனூரில் நடக்கட்டும். மறையூர் பற்றி எழுதும் கேரள ஆய்வாளர்களும் அதற்கு அழைக்கப்படட்டும். கூட்டத்துக்கு முன் ஓராண்டு, போடி, சின்னமனூர், உத்தமபாளையம் வட்டாரப் பள்ளிகளிலும் தோட்டங்களிலும் ஒரே பக்கப் பதிவுப் படிவம் வழங்கப்படட்டும்: இடம், பொருள், யார் சொன்னது, ஊரில் வழங்கும் பெயர், தொடாமல் எடுத்த ஒளிப்படம். தோண்டவோ தீட்டவோ எடுத்துச் செல்லவோ கூடாது என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும். அவையில் அந்தப் படிவங்களை அறிஞர்கள் சரிபார்த்தபின், தகவல் தந்த மேய்ச்சல்காரரின் பெயரும் தோட்டத் தொழிலாளியின் பெயரும், அவர்கள் இசைந்தால், கண்டறிந்தவர் என்ற இடத்தில் அச்சாகட்டும்.

இதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை, புதிய சட்டமும் வேண்டியதில்லை. தேனி மாவட்டத்து ஆசிரியர்களும் கழக உறுப்பினர்களும் மாநிலத் தொல்லியல் துறையும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால் போதும். இதைப் படிக்கும் போடிப் பகுதி வாசகர் எவரேனும் தம் ஊர் மலையடியில் நிற்கும் பலகைக்கல்லையோ, காட்டில் வாய் தெரியும் தாழியையோ அறிந்திருந்தால், அதைத் தொடாமல் ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அருகிலுள்ள தொல்லியல் அலுவலருக்கோ கழக உறுப்பினருக்கோ இந்த ஆண்டே தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.